ஒற்றை ஆளுக்கு அடுப்பு மூட்டுவதில்லை

வெளிநாடு போய்வந்தவன் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாக்லேட், சென்ட் பாட்டில், முழங்கால் வலித் தைலம், முடிந்தால் ஒரு கம்பளி. மூன்று வாரம் தென் கொரியாவில் இருந்துவிட்டு நான் கொண்டுவந்தது ஓர் அடுப்பு. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்காகவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் நான் போனது வேறு சோலிக்கு. சென்னைக்கு வெளியே, கார் உதிரிப்பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். புது இயந்திரத்தைப் பழகிவர அனுப்பினார்கள். அடுப்பை வாங்கிவரச் சொன்னது என் அக்கா மகள் ஷைனி.

சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, கறியை அங்கேயே சுட்டுத் தின்பதற்கான மின்சார அடுப்பு அது. மேலே கறுப்பாக ஒரு தட்டு. கொழுப்பு வடிய வேண்டும் என்பதற்காகத் தட்டு ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். ஓரத்தில் ஒரு ஓட்டை, அதற்கு அடியில் ஒரு கிண்ணம். இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. கனம் மட்டும் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமப்பது போல இருந்தது.

ஷைனிக்குக் கொரியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையோடு மூன்று வருடம். வருகிறேன் என்றோ இல்லை என்றோ திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் அவள் அம்மா, அதாவது என் அக்கா லூர்து, இல்லை என்பதில் உறுதியாக இருந்தாள். காரணம் கேட்டால் சாப்பாடு. "அங்க புள்ள என்னத்தத் திங்கும்?" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக மல்லுக்கட்டு. மச்சான் தவறிப்போய் சில வருடங்கள் ஆகின்றன. அக்காவுக்கு ஷைனி ஒருத்திதான். தாய்மாமன் என்பதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

"நீங்க வாயால சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க மாமா. செஞ்சு காட்டணும்," என்றாள் ஷைனி போனில். அவளுக்குக் கறி என்றால் உயிர். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "அந்த ரெண்டு விரல் கதைய மட்டும் அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

ரெண்டு விரல் கதை இதுதான். கொரியாவில் போய் இறங்கிய அன்று சாயங்காலம், நான் தங்கியிருந்த இடத்துக்குப் பின்தெருவில் கறி சுடும் வாசனை ஆளை இழுத்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேசைக்கு மேசை புகை. உள்ளே போனேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் இரண்டு விரல்களைக் காட்டினார். இரண்டு தட்டு வேண்டுமா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து நான் ஒரு விரலைக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுபடியும் இரண்டைக் காட்டினார். நான் ஒன்றைக் காட்டினேன். ஏலம் இப்படியே போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையிலிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் விளக்கினாள். "ஒருவருக்கு மட்டும் இங்கே அடுப்பு மூட்ட மாட்டார்கள். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

அந்த அம்மாளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. குனிந்து வணங்கி, வாசல்வரை வந்துதான் வழியனுப்பினார். அடுத்த தெருக் கடையிலும் அதே மரியாதை, அதே இரண்டு விரல்கள். நம்மூரில் ஒற்றை ஆளாகப் போனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரே உட்காரவைத்து இலையைப் போட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக் கட்டிலில் உட்கார்ந்து தின்றேன். அவமானமாக இருந்தது, மறைப்பானேன். எனக்கு இயந்திரம் சொல்லிக்கொடுத்த பார்க் என்பவர் வார நடுவில் கூட்டிப்போன பிறகுதான் அந்தக் கறி என் வாய்க்கு எட்டியது.

இது அக்கா காதுக்குப் போனால் விவகாரம் அன்றோடு முடிந்துவிடும். தனி ஆளுக்குச் சோறு போடாத ஊருக்கா மகளை அனுப்பச் சொல்கிறாய் என்பாள். வாயைத் திறக்க மாட்டேன் என்று ஷைனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பழனி ரயிலில் ஏறினேன்.

பழனியில் நல்ல வெயில். காலாண்டு விடுமுறை ஆகையால் பஸ் நிலையத்தில் மொட்டையும் சந்தனமுமாகக் கூட்டம். கொடைக்கானல் பஸ்ஸில் சன்னலோர இடம் போட்டிருந்த ஒரு பெண்மணி பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார். கண்டக்டர் என் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, டிவியா?"

"அடுப்புங்க."

"கேஸா?"

"கரண்டு."

"அப்பச் சரி. காலுக்கடியில தள்ளிக்கங்க."

பக்கத்துப் பெண்மணியின் குடும்பத்துக்குப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை. மலைமேல் ஒரு கடைக்கு டப்பாக்கள் எடுத்துப் போகிறார். டப்பாப் பையை என் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நிம்மதியாக வந்தார். பிறகு பெட்டியில் அச்சடித்திருந்த படம் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்ன அடுப்புங்க தம்பி?"

"கறி சுடுறதுங்க."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கோயில் ஊருச் சாமானுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"புதுசுங்கம்மா. இது இன்னும் கறியவே பாக்கல."

"அதுக்குன்னு செஞ்சதுதானுங்களே," என்றார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் டப்பாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நான் பெட்டியைக் கால்களால் இடுக்கிக்கொண்டேன்.

பாதி மலையில் பஸ் நின்றது. முந்தின நாள் மழையில் மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது என்று முன்னால் போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எல்லோரும் இறங்கினோம். கீழே எங்கோ வெயில் தெரிந்தது, எங்களைச் சுற்றி மஞ்சு மூட்டம். காதைக் கிழிக்கும் ரம்பச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசி. மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எதுவும் வாங்காமல் ஏறியிருந்தேன். பஞ்சாமிர்தக்கார அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"அதுக்குன்னு பட்டினி கெடக்கணுமா? கைய நீட்டுங்க."

பொடி தடவிய இட்லியைச் சட்டி மூடியில் வைத்துக் கொடுத்தார். பஸ் படியில் உட்கார்ந்து தின்றேன். என் அடுப்பு அவருக்குத் தீட்டு, நான் தீட்டில்லை. மனிதர்கள் எப்படியெல்லாம் கோடு போட்டுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை, ஆனால் அந்த இட்லி நன்றாக இருந்தது.

நாயுடுபுரம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா ஒரு பள்ளி விடுதியில் சமையல் மேற்பார்வை பார்க்கிறாள். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவள் என்பதால், சாப்பாடு பற்றி அவள் சொன்னால் எதிர்த்துப் பேசக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அடுப்பை மேசைமேல் எடுத்துவைத்தேன். சுற்றி வந்து பார்த்தாள். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தோசக்கல்லு," என்றாள்.

"தோசைக்கல் இல்லக்கா. இத நடுவுல வச்சு..."

"கரண்டுல ஓடுற தோசக்கல்லு. இதத் தூக்கிக்கிட்டா அம்புட்டுத் தூரம் வந்த? போய் மூஞ்சி கழுவு. சோறு ஆறுது."

அன்றைய இரவுச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அக்கா எனக்குப் பரிமாறினாள். ஷைனி தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை ஒருச்சாய்த்துக்கொண்டாள். உள்ளே போனில் ஏதோ படம் ஓடும் சத்தம் கேட்டது. நான் முடித்த பிறகு அக்கா சமையலறையில் மேடையோரம் நின்றபடியே, சட்டியில் மிச்சமிருந்ததைப் பிசைந்து சாப்பிட்டாள். நான்கு நாற்காலி போட்ட மேசையில் நான் ஒருவன். மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். கொரியாவில் என்னை வெளியே அனுப்பியபோது பட்ட அதே வருத்தம் எனக்கு இங்கேயும் வந்தது. ஆனால் இங்கே யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் நானும் ஷைனியும் பஜாருக்குப் போனோம். இலைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கறியைப் பொதிந்து தின்ன லெட்டூஸ் வேண்டும். அது மதுரை ஓட்டல்களுக்காக இங்கேதான் விளைகிறது. சென்னையில் வாடி வதங்கிக் கிடக்கும் இலை இங்கே பனி சொட்டக் குவிந்திருந்தது. மலைப்பூண்டு வாங்கினோம், கறியோடு சேர்த்துச் சுடுவதற்கு. தொட்டுக்கொள்ளும் சோயா விழுதை ஒரு டப்பா கொரியாவிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

கறிக்கடையில்தான் சிக்கல். பன்றியின் வயிற்றுப் பக்கம், சதையும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருக்கும் இடம் வேண்டும் என்று கேட்டேன்.

"அது வேணாம்னு எல்லாரும் ஒதுக்குறதுங்க சார். நல்ல கறியாப் போடவா?"

"அதேதான் வேணும். துண்டு போடாதீங்க. நீளமா, மெலிசா."

"எம்புட்டு நீளம்?"

"பெல்ட்டு மாதிரி."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஷைனியைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் வெட்டினார். சுட்ட கறியை மேசையிலேயே வெட்ட ஒரு புதுக் கத்தரிக்கோலும் வாங்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து கறியைச் சமையலறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அந்தக் குளிரில் வெந்நீரை விட்டு வெளியே வர மனமில்லை. சாவகாசமாகத் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது குக்கர் விசில் அடித்தது. சமையலறைக்கு ஓடினேன்.

"என்னக்கா வேகுது?"

"உன் கறிதான். பெல்ட்டு பெல்ட்டா எந்தப் பய வெட்டிக் குடுத்தான்? நாந்தான் துண்டு போட்டு, மஞ்சப்பொடி இஞ்சி பூண்டு வச்சு வேக்காடு போட்ருக்கேன். இனி நீ உன் அடுப்புல போட்டு வாட்டிக்க."

"ஐயோ அக்கா, பச்சையாத்தான் மேசைக்கு வரணும். அதுதான் விசேஷமே."

"பச்சக் கறியச் சாப்பாட்டு மேசையில வைக்கவா?" அக்காவுக்கு நிஜமாகவே அருவருப்பு. "அந்த மேசையிலதான் நாம செபம் சொல்லிச் சாப்பிடுறோம்."

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கறி வீட்டுக்குள் வந்தால் நேராகத் தொட்டிக்குப் போகும், மஞ்சளில் குளிக்கும், அடுப்பில் ஏறும். வெந்த பிறகுதான் சமையலறை நிலையைத் தாண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வீட்டிலும் பச்சைக் கறி நிலையைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அக்காவின் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. வெந்த கறியைப் பிறகு மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தாள். அருமையாக இருந்தது. அது எங்கள் கட்சிக்குச் சாதகமாக இல்லை.

"இப்பச் சொல்லு," என்றாள் அக்கா, எனக்கு மறுபடி வைத்தபடி. "இந்தக் கறி அங்க கெடைக்குமா?"

ஷைனி தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழியில் அதே கடையில் அதே பெல்ட்டுக் கறியை வாங்கினேன். கடைக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. கறியைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுச் சமையலறையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா சிரித்தாள். "களவாணிப் பூனைக்குக் காவல் இருக்கற மாதிரி இருக்கான்," என்று ஷைனியிடம் சொன்னாள். சிரித்தாலும், காலையில் கோயிலில் அவள் வெகுநேரம் முழங்காலில் இருந்ததைப் பார்த்திருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை.

சாயங்காலம் அடுப்பை வைத்தோம். அதன் ஒயர் முழ நீளம். அந்த அறையில் அதற்குத் தோதான பிளக் சமையலறை வாசலை ஒட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேசையை இழுத்து வாசலை அடைத்தாற்போல் போட வேண்டியதாயிற்று. சோறு, இலை, பூண்டு, விழுது, கறி எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. பச்சைக் கறித் தட்டைப் பார்க்காமலிருக்க அக்கா அதன்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தாள்.

சுவிட்சைப் போட்டேன். தட்டு சூடானது போலத் தெரிந்தது. கறியை வைத்தால் சத்தமே இல்லை. வெளுத்துப்போய், தன் தண்ணீரில் தானே ஊறிக்கொண்டு கிடந்தது.

"நேத்து நான் வேக வச்சதே தேவல," என்றாள் அக்கா.

ஷைனி தலையில் கைவைத்துக்கொண்டாள். அக்கா மேலே பல்பைப் பார்த்தாள். மஞ்சளாக முனகிக்கொண்டிருந்தது.

"கரண்டு பத்தல. இந்நேரத்துக்கு எல்லா வீட்லயும் ஹீட்டரப் போட்டுருவாங்க." எழுந்துபோய்ப் பக்கவாட்டுச் சன்னலைத் திறந்தாள். "பிலோ, ஏ பிலோ. ஹீட்டரச் செத்த நேரம் நிப்பாட்டி வையி."

பக்கத்து வீட்டு பிலோமினாவின் குரல் மட்டும் வந்தது. "எதுக்குக்கா?"

"தம்பி கொரியாக் கறி சுடுறான். அடுப்பு ஏற மாட்டேங்குது."

"எனக்கு ஒரு தட்டு வருமா?"

"வெந்தா வரும். மேல் வீட்லயும் சொல்லு, வெரசா."

இரண்டு மூன்று வீடுகளில் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். பல்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. தட்டில் முதலில் ஒரு பொரிசல் சத்தம், பிறகு பல. தண்ணீர் வற்றி, கொழுப்பு உருகி, சரிவில் வழிந்து ஓட்டைக்குள் இறங்கியது. அக்கா குனிந்து அடியிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். "கெட்டிக்காரப் பயலுக," என்று முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். தெருக்காரர்களைக் குளிரில் போட்டுச் சுட்ட கறி ஆகையால் இப்போது அவளுக்கும் அதில் பொறுப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் உட்காரவில்லை. பழக்க தோஷத்தில் கரண்டியோடு நின்றாள். பரிமாற எதுவும் இல்லை. எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சமையலறைக்குள் போகலாம் என்றால் வாசலை மேசை அடைத்திருந்தது.

"உக்காரும்மா," என்றாள் ஷைனி.

கொஞ்சம் தயங்கி, விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஷைனி தட்டோடு எழுந்து போகவில்லை. போக முடியாது, கறி அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெந்துகொண்டிருந்தது. இடுக்கியை யாராவது பிடிக்க வேண்டும், யாராவது திருப்பிப் போட வேண்டும், யாராவது கத்தரிக்க வேண்டும். கத்தரிக்கோலை அக்கா வாங்கிக்கொண்டாள். "துணி வெட்டுறதுல கறி வெட்டச் சொல்றாங்களே," என்று முனகிக்கொண்டே ஒரே அளவாக நறுக்கினாள்.

உள்ளங்கையில் இலையை விரித்தேன். துளி சோறு, கறித்துண்டு, சுட்ட பூண்டு, விரல்நுனியளவு விழுது. மடித்து முடிச்சாக்கி அக்கா வாயருகே நீட்டினேன்.

"கடிக்கக் கூடாது. ஒரே வாய்."

"இம்புட்டையுமா?"

"அதான் அங்க மரியாதை. பெரியவங்களுக்கு மொதல்ல."

வாயைத் திறந்தாள். சின்ன வயதில் அவள் எனக்கு ஊட்டியிருக்கிறாள். நான் அவளுக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. இதை ஏன் இத்தனை வருடம் செய்யவில்லை என்று தோன்றியது.

கன்னம் இரண்டும் உப்ப, கண் விரிய மென்றுகொண்டிருந்தாள். பேச முடியாது. அக்கா பேசாமல் இருக்கும் வீடு எனக்குப் பழக்கமில்லை. அந்த மௌனத்தை நிரப்ப ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே கடைகளில் புகையை உறிஞ்ச மேசைக்கு மேசை குழாய் தொங்கும் என்றேன். பார்க் எப்படிச் சுடுவார் என்று சொன்னேன். பார்க்கோடு போன அன்று கடைக்கார அம்மாள் என்னை அடையாளம் கண்டு இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தார் என்று சொல்லி, நானும் இரண்டு விரலைக் காட்டினேன்.

ஷைனி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். லேட்.

அக்கா மென்றுகொண்டே, என்ன அது என்று புருவத்தைத் தூக்கினாள். மாற்றிச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. முதல்நாள் வாசனை பிடித்து உள்ளே போனது, ஒற்றை ஆளுக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று திருப்பி அனுப்பியது, அடுத்த தெரு, கப் நூடுல்ஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "மத்த சாப்பாடு எல்லாம் தனி ஆளுக்கும் கெடைக்கும்கா. சோறு, நூடுல்ஸ், சூப்பு எல்லாம் குடுப்பாங்க. இந்தச் சுட்ட கறிக்கு மட்டும்தான் இந்த ரூல்," என்று கடைசியில் ஒட்டுப்போட்டேன். ஷைனி என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் இரண்டு துண்டுகள் கருகிக்கொண்டிருந்தன.

அக்கா விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். கருகியதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்பக் கறி திங்கணும்னா இன்னொருத்தியக் கூப்பிட்டாகணும்," என்றாள்.

"ஆமாக்கா."

"தட்டத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போக முடியாது."

"முடியாது."

அக்கா இடுக்கியை வாங்கிக் கறியைத் திருப்பிப் போட்டாள். "மதுரையில படிச்சப்ப ஆஸ்டல்ல இவ காச்சலோட ரெண்டு நா சாப்பிடாமக் கெடந்தா. எனக்கு யாரும் சொல்லல. ஏன்னா யாருக்கும் தெரியல. இவ சாப்பிட வந்தாளா இல்லியான்னு தெரியிற அளவுக்கு இவகூட ஒரு ஆளு இல்ல. இவ அப்பா போனதுலருந்து இங்கயும் அப்படித்தான். திங்கறதுக்கு என்னமும் எல்லா ஊர்லயும் கெடைக்கும் தம்பி, அது எனக்குத் தெரியாதா? திங்கலேன்னா கேக்க ஆளு இருக்காங்கறதுதான் என் பயம். அதச் சொன்னா இவ மூஞ்சி சுருங்கிப் போயிரும்னு சாப்பாட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஷைனியின் கண் கலங்கிவிட்டது. புகையால் அல்ல.

"ஒத்த ஆளுக்குக் கெடையாதுன்னு வாசல்லயே சொல்ற ஊரு," என்றாள் அக்கா. "இவளுக்கு அதான் சரி. போகட்டும்."

"நான் யாரையாச்சும் கூப்பிட்டுக்குவேம்மா," என்றாள் ஷைனி.

"கூப்பிடாட்டி உனக்குக் கறி இல்ல. கறி இல்லாம நீ எத்தன நாளு இருப்பேன்னு எனக்குத் தெரியும்." ஓர் இலையை எடுத்து விரித்தாள். என்னைப் பார்த்தபடியே சோறு, கறி, பூண்டு என்று வைத்து, என்னுடையதைவிடப் பெரிய முடிச்சாகக் கட்டி மகள் வாயில் திணித்தாள்.

அந்நேரம் பிலோமினா தட்டோடு வந்து நின்றார். நான்காவது நாற்காலியும் நிரம்பியது. ஹீட்டர்கள் எப்போது மறுபடி எரிந்தன என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் கறி தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை வெள்ளனே கிளம்ப வேண்டும். ஷைனி பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். நான் அடுப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அக்கா வந்து பெட்டியை வாங்கிப் பிரிட்ஜ்மேல் ஏற்றினாள்.

"இது இங்க கெடக்கட்டும்."

"அவளும் போயிட்டா நீ ஒருத்திதானக்கா. உனக்கு எதுக்கு?"

"ஒருத்திங்கறதாலதான்," என்றாள். பிலோமினா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். பஸ்ஸில் காலுக்கடியில் இடுக்க எதுவும் இல்லாமல் வளைவுக்கு வளைவு சறுக்கிக்கொண்டே பழனி வந்து சேர்ந்தேன்.

மாசி மாதம் ஷைனி போனாள். தினமும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். பேச்சில் வந்த மாற்றத்தை அவள்தான் சொன்னாள். நம்மூர் அம்மாக்கள் போனை எடுத்ததும் கேட்கும் "சாப்ட்டியா?" என்பதை அக்கா விட்டுவிட்டாளாம். "யாரு கூடச் சாப்ட்டே?" என்றுதான் கேட்கிறாளாம். முதல் சில நாட்கள் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது என்றாள். பிறகு ஒரு பெயர் வந்தது. இப்போது மூன்று பெயர்கள். புகை மண்டிய மேசையில் நான்கு பெண்கள் சிரிக்கும் படம் ஒன்று எனக்கும் வந்தது.

போன வாரம் அக்கா எனக்குப் போன் செய்தாள். ஷிப்டு முடிந்து வந்து, நான் தனியாக இருக்கும் வாடகை அறையில் கட்டிலில் உட்கார்ந்து, கடையில் கட்டிய பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு கூடச் சாப்பிடுறே?" என்றாள்.

பிரித்த பொட்டலத்தை மறுபடி மடித்தேன். அவள் பக்கத்தில் சமையலறைக் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை வர்றேன்கா," என்றேன்.

"வெள்ளனே வா. பெல்ட்டுக் கறி சொல்லி வைக்கிறேன்." போனை வைக்கப் போனவள் நிறுத்தி, மறுபடி சொன்னாள். "வேக வைக்க மாட்டேன். பயப்படாத."